பழகாத துவக்கு

பேய் வந்தது என்று யாராவது சொன்னால் அதன் ஐடென்டி நம்பர் என்ன என்று கேட்கிற ஆள் நான். செத்த வீட்டில்கூட என்னைப் பின்வரிசையில்தான் உட்காரவைப்பார்கள், முன்னால் இருந்தால் அழுகிறவர்களைச் சிரிக்கவைத்துவிடுவேன் என்ற பயம். ஐம்பத்திரண்டு வயதுவரை அப்படித்தான் வாழ்ந்தேன். இனிமேல் சொல்லப்போவதை நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப்போவதில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால், "அண்ணே, அன்னிக்கு எத்தன போத்தல்?" என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். ஒரு போத்தலும் இல்லை. வெறும் பிளேன்டீ, அதிலும் பாதிதான்.

நாங்கள் இருப்பது மாத்தளைப் பக்கம், நாவுலைக்கும் நாலந்தாவுக்கும் நடுவே, ரோட்டிலிருந்து உள்ளே. எனக்கும் என் தங்கச்சி பாக்கியத்துக்கும் அடுத்தடுத்த காணி, இரண்டிலும் சோளம். சோளம் என்றால் காட்டுப்பன்றி. பன்றி என்றால் துவக்கு. லைசன்ஸ் என் பெயரில் இருந்தது, ஆனால் காவல் பரணில் ஏறிச் சுடுவது பாக்கியத்தின் புருஷன் கனகராஜ் மச்சான்தான். இதைப் பொலிசில் போய்ச் சொல்லிவிடாதீர்கள், இப்போது சொல்லியும் பிரயோசனமில்லை. எங்களிடம் இருந்தது பழைய ஒற்றைக்குழல். ஒரு வெடி வைத்தால், மடித்துத் திறந்து, இறுகிப்போன வெற்றுத் தோட்டாவைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, அடுத்ததைப் போட்டு மூடுவதற்குள் பன்றி தம்புள்ளைக்கே போய்விடும். அதனால் மச்சான் ஒரு வருஷமாக என்னை நச்சரித்து, பழையதை ஒப்படைத்துவிட்டுப் புதிதாக ஒரு ரிப்பீட்டர் வாங்க மனுப் போடவைத்தார். ஐந்து தோட்டா நிரப்பலாம், விசையை அழுத்த அழுத்த வெற்றுத் தோட்டாவைத் தானே வெளியே தள்ளி அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். அந்தத் துவக்கின் படத்தை போனில் வைத்துக்கொண்டு, பொம்பளை பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி ஊரெல்லாம் காட்டினார்.

துவக்கு வருவதற்குள் அவருக்கு எலிக்காய்ச்சல் வந்துவிட்டது. மாத்தளை ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்துக்கொண்டு, "வந்துருச்சா மச்சான்?" என்று கேட்டார். "பாதி வழி வந்துருச்சு" என்று ஒரு பகிடி விட்டேன். அவர் கருமாதி முடிந்த வாரம்தான் துவக்கு வந்தது.

அதே வாரம் பாக்கியம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப்போவதாகச் சொன்னாள். ஏஜென்சிக்காரன் கடுதாசியெல்லாம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான். எங்கள் பக்கம் அப்படிப் போன பெண்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று எனக்குத் தெரியும், ஒருத்தி திரும்பியே வரவில்லை. எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. "இந்தப் போகம் ஒன் சோளத்த நான் வீட்டுக்குக் கொண்டாந்து சேக்கறேன். சேத்துட்டா நீ போகக்கூடாது" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பன்றிகள் என்னைப் பார்க்கிற மாதிரியே இருந்தது. "சரி, பாப்போம்ண்ணே" என்றாள்.

இப்படியாக, வாழ்க்கையில் பட்டாசுத் திரிக்குக்கூட மனைவியிடம் நெருப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்ற நான் காவல்காரன் ஆனேன்.

புதுத் துவக்கு முதல் வெடியை நன்றாக வெடித்தது. இரண்டாவதில், வெற்றுத் தோட்டா பாதி உள்ளே பாதி வெளியே மாட்டிக்கொண்டு, நாக்கைக் கடித்த ஆள் மாதிரி நின்றது. பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி சுட்டால் அடுத்ததும் அப்படியே. மாத்தளையில் ஹனீபா நானாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். துவக்கு திருத்துவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"புதுசு தம்பி, இன்னம் பழகல்ல. கொம்பனியில பூசின கிரீஸ் களி மாதிரி ஈக்கிது. ஸ்பிரிங்கு புது மாப்புள மாதிரி, முறுக்கா ஈக்கிது. கொஞ்சம் வேகமான தோட்டாவாப் போட்டு அம்பது வெடி வைங்க, தானாச் சரி வரும். அதுவரக்கிம் தோட்டா இல்லாம டெய்லி நூறு தரம் போல்ட்ட இழுத்து உடுங்க."

கிரீஸைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் போட்டுக் கொடுத்தார். நான் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து, தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற அந்த போல்ட்டைத் தினமும் நூறு தரம் இழுத்து விட்டேன். கூரையில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன, என்னைக் கண்டு ஓடவேண்டிய பிராணிகள். என் மனைவி, வஹகோட்டை வேதக்கோயிலுக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கலாமா என்றாள். "துவக்குக்கு மெழுகுதிரி ஏத்தவா?" என்று கேட்டேன். அப்போதெல்லாம் எனக்கு வாய் இருந்தது.

வேகமான தோட்டா போட்டும் சிக்கியது. இரண்டாம் தடவை போனேன், நானா உள்ளே ஏதோ உரசுகிற இடத்தை மெருகு போட்டுக் கொடுத்தார், அப்போதும் சிக்கியது. சோளம் கதிர் விட்டுவிட்டது. இரவில் படுத்தால் பன்றி மெல்லுகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டது. மூன்றாம் தடவை போனபோது ஹனீபா நானா துவக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இத யாருக்கு எரவல் குடுத்த?"

"யாருக்கும் இல்ல நானா. அலுமாரியில பூட்டு, சாவி என் இடுப்புல."

"துவக்க தோள்ல வையிங்க பாப்பம்."

வைத்தேன். வலது தோள், வலது கன்னம். என் கன்னம் துவக்குக் கட்டையின் இடது பக்கத்தில் படிந்தது. அந்தப் பக்கம் வார்னிஷ் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நானா கட்டையைத் திருப்பி வலது பக்கத்தைக் காட்டினார். கன்னம் படிகிற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு, வார்னிஷ் தேய்ந்து வெள்ளை மரம் தெரிந்தது. சுரண்டினது இல்லை, சாணைக்கடதாசி போட்டதும் இல்லை. தாடி மயிர் உரசி உரசி மழுங்கின மரம்.

"இது பீச்சாங்கைக்காரன் பாவிச்ச துவக்கு. இருவது வருசத் தேமானம். ஆனா மொதத் தடவ நீங்க கொண்டு வந்த நேரம் நாந்தானே தொடச்சிக் குடுத்த? அப்ப இது இல்ல தம்பி."

கனகராஜ் மச்சான் இடதுகைக்காரர். சோறு தவிர எல்லாம் இடதுகைதான்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? சிரித்தேன். "நானா, பன்றிதான் வந்து எடுத்துக்கிட்டுப் போய்ப் பழகியிருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. திரும்புகிற பஸ்ஸில் துவக்கை உறையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், கைக்குழந்தை நனைத்துவிடுமோ என்று பயப்படுகிறவன் மாதிரி, என் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

பன்றிக்கூட்டம் அந்த வெள்ளிக்கிழமையே வந்தது. நடுச்சாமமெல்லாம் இல்லை, விளக்கு வைக்கிற நேரம், வானத்தில் வெளிச்சம் மிச்சமிருந்தது. நான் பரணில் இருந்தேன். பாக்கியத்தின் சோளத்துக்குள் ஒரு வரிசை அப்படியே சாய்ந்தது, பிறகு இன்னொன்று, பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஐந்து தோட்டா நிரப்பியிருந்தேன். ஒன்று வெடித்தது, அது எந்தக் கிரகத்துக்குப் போனதோ தெரியாது, வெற்றுத் தோட்டா பாதியில் சிக்கியது. பிடுங்கி எடுத்தேன், போல்ட் முன்னால் போகாமல் இறுகி நின்றுவிட்டது. குத்தினேன், வைதேன், கும்பிட்டேன், அசையவில்லை. அதற்குள் தலைக்கடுவன் ஒன்று, கூட்டத்திலேயே பெரிய ஆண்பன்றி, பரண் காலில் வந்து முதுகைத் தேய்க்க ஆரம்பித்தது. பரண் ஆடியது. இனி என் வீரத்தைக் கேளுங்கள். துவக்கைப் பலகையிலேயே போட்டுவிட்டு மறுபக்கமாகக் குதித்தேன், இடுப்பில் கட்டியிருந்த சாரம் ஆணியில் மாட்டிக்கொண்டது, அதையும் பரணுக்கே கொடுத்துவிட்டுக் கட்டைக் கால்சட்டையோடு ஓடினேன்.

பாக்கியம் வாசலில் நின்றாள். "என்னண்ணே, சாரம் எங்க?" என்று கேட்டாள். விறாந்தைக் குந்தில் உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தாள். "முடியல பாக்கியம், ஒன் சோளம் போயிருச்சு. என்னால ஏலாது" என்று சொல்லி, வெட்கமில்லாமல் அழுதேன். அவள் ஏஜென்சிக் கடுதாசி இருந்த தகரப்பெட்டியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அப்போதுதான் பரணிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது.

நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம். இரண்டு பேர் காதிலும் விழுந்தது. எனக்குத் தேநீர்க் கோப்பை கைதவறிப் போய்விட்டது. சிக்கி நின்ற போல்ட் தானாக விடுபட்டு வெடித்திருக்கும் என்று முதலில் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பாக்கியம் கையை உயர்த்தி என்னைப் பேசவேண்டாம் என்றாள். அவள் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதுக்குப் பக்கத்தில் வந்தபோது இரண்டாவது வெடி. மறுபடி எண்ணினாள், மூன்றாவது. மறுபடி, நான்காவது. பிறகு ஒன்றும் இல்லை. நான் விட்டுவிட்டு வந்தது நான்கு தோட்டா.

"கல்யாணமான நாள்ல இருந்து குசினியில அடுப்புகிட்ட நின்னு இப்படித்தான் எண்ணுவேன்" என்றாள். "ஒரு வெடி கேட்டா நாப்பது எண்ணுவேன். அதுக்குள்ள அடுத்தது கேட்டா, ஆளுக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். பழைய துவக்குல தோட்டாவ நெம்பி மாத்த அவருக்கு அவ்வளவு நேரம் வேணும்ண்ணே."

ரிப்பீட்டருக்கு அந்த நேரம் தேவையில்லை. இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

விடிந்ததும் போனோம். என் சாரம் ஆணியில் தொங்கியது. துவக்கு, போட்ட இடத்தில் இல்லாமல், பரணின் மூலையில் நிமிர்த்திச் சாத்தியிருந்தது. சோளத்துக்குள் இரண்டு பன்றி செத்துக் கிடந்தன. அந்தப் போகம் முடியும்வரை வேறு ஒரு பன்றியும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பாக்கியத்தின் சோளம் முழுதாக வீட்டுக்கு வந்தது. என் வாக்கு காப்பாற்றப்பட்டது, யாரால் என்று கேட்காதீர்கள்.

கடைசி மூட்டை ஏறின அன்று அவள் அந்தக் கடுதாசியில் கையெழுத்துப் போட்டாள்.

"சோளந்தான் வந்துருச்சே, இனி எதுக்குடி போற?" என்று கத்தினேன். மற்ற அண்ணன்மார் கத்துகிற மாதிரி எனக்குக் கத்தவும் வராது, பாதியில் குரல் கீச்சென்று போய்விட்டது.

"வந்ததாலதாண்ணே போறேன். செத்த மனுசன் இன்னும் எனக்காகப் பரண்ல முழிச்சிருக்காரு. நான் இங்க சோளம் போடுற வரைக்கும் அவருக்குத் தூக்கமில்ல. நான் போயிட்டா யாருக்குக் காவல்?"

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் கூடப் போனேன். எயார்போட்டில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்க் கையாட்டினாள். இடதுகைக்காரரோடு இருந்து இருந்து அவளும் இடதுகையைத்தான் ஆட்டினாள்.

அவள் போன பிறகு துவக்கு ஒருமுறைகூடச் சிக்கவில்லை. என் வலது தோளில், ஐந்தும் எண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஹனீபா நானா, "பழகிட்டிது தம்பி, நாந்தான் சொன்னேனே" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். ஒவ்வொரு வெள்ளியும் பாக்கியம் வேலை செய்கிற வீட்டின் மொட்டைமாடியிலிருந்து எனக்குப் போன் எடுப்பாள். முதல் கேள்வி, "துவக்கு சிக்குதாண்ணே?" "இல்ல" என்பேன். "அப்ப தூங்குறாரு" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த வெயிலில் இருக்கிறாள்.

இன்னொன்று இருக்கிறது, நினைக்கவே பிடிக்காததால் இதுவரை சொல்லாமல் வந்தேன். மச்சான் பரணில் ஏறி உட்கார்ந்ததும் கீழே நிற்கிற நாய்க்கு ஒரு சீழ்க்கை விடுவார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. இங்கே அதைக் கேட்டு வெகுநாளாகிறது. போன மாதம் ஒரு வெள்ளி, "தூங்குறாரு" என்று சொல்லிவிட்டு அவள் பேசாமல் இருந்த அந்த இடைவெளியில், போனுக்குள்ளே, அவளுக்குக் கொஞ்சம் பின்னால், அது கேட்டது.

"அங்க யாரு பாக்கியம் கூட?"

"யாருமில்லையே. தனியாத்தான் நிக்கிறேன். ஏண்ணே?"

அவளுக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் மறுபடி கேட்டது.

"ஒண்ணுமில்ல, லைன் சரியில்ல" என்றேன். "ஆமா, நல்லாத் தூங்குறாரு."