ஊர்ப்பிள்ளை விதி

என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், துபாயில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர். யாராவது மௌத்தானால் உடலை ஊருக்கு அனுப்பி வைப்பது, வேலையில்லாதவர்களுக்கு ஊர் முதலாளிமாரிடம் இடம் பார்த்துக் கொடுப்பது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. ஆனால் ஊர்ப்பிள்ளைகளுக்கு மட்டும். தாய், தகப்பன் இருவருமே ஊர்க்காரராக இருந்தால்தான் ஊர்ப்பிள்ளை. அந்த விதியைக் கொண்டுவந்தவர் மச்சான்தான்.

அப்போது அவருக்கு ஊர்க்கார மனைவி, இரண்டு ஆண்மக்கள். அந்த மனைவி மௌத்தான பிறகு கொழும்புப் பெண் ஒருவரை நிக்காஹ் செய்தார். அல்லாஹ் ஒரு மகனைக் கொடுத்தான். மூத்தவர்கள் கனடாவில். பெருநாளைக்கு ஒரு போன் வரும். கூட இருப்பது இளையவன்தான். அவனுக்கும் படிப்பு முடிந்து, வாப்பாவின் விசாவில் இனி இருக்க முடியாது என்றாகிவிட்டது. வேலை கிடைக்காவிட்டால் நாட்டைவிட்டுப் போக வேண்டும். அந்த நேரத்தில்தான் அல் கூஸ் பகுதியில் ஊர்க்காரர் ஒருவரின் கிடங்கில் இடம் காலியானது. சங்கம் சொல்லும் ஊர்ப்பிள்ளைக்குத்தான் அது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மச்சான் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் மகள் பள்ளிப் பாடத்தைச் சொல்லிப் பார்த்தாள். ஏதென்ஸை ஆண்ட ஒரு பெரிய தலைவரின் குடும்பக் கதை. நான் எட்டாவதோடு நின்றவன். இதெல்லாம் எனக்குப் புதிது.

"அம்மா, அப்பா ரெண்டு பேரும் அந்த ஊர்னாதான் சிட்டிசன்னு அவரே சட்டம் போட்டாரு. அப்புறம் ரெண்டு பசங்களும் ப்ளேக்ல மௌத்தாயிட்டாங்க. வெளியூர் பொம்பளைக்குப் பொறந்த பையன்தான் மிச்சம். அவன் சிட்டிசன் இல்ல."

"வெளியூர்க்காரிய நிக்காஹ் பண்ணலையா?" என்றாள் என் மனைவி.

"இல்லம்மா, சும்மா சேர்ந்து இருந்தாங்க."

"அஸ்தஃபிருல்லாஹ். இதையுமா ஸ்கூல்ல சொல்லித் தராங்க?"

மச்சான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்புறம் என்ன செஞ்சாரு?"

"சபையில போய்க் கெஞ்சினாரு மாமா. பாவம்னு அந்தப் பையனைச் சிட்டிசன் ஆக்கிட்டாங்க."

"அவருக்காவது வாயைத் திறந்து கேக்கத் தெரிஞ்சுச்சு, காக்கா," என்றாள் என் மனைவி தன் அண்ணனிடம்.

அடுத்த சங்கக் கூட்டம் அதே கிடங்கில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு நடந்தது. மச்சான் பேச எழுந்தால் லேசில் உட்கார மாட்டார். அன்று, "நான் போட்ட விதி எம் புள்ளைக்கே இடிக்குது. மாத்திக் குடுங்க," என்று மட்டும் சொன்னார்.

பின்னால் இருந்த டிரைவர் ஒருவர் எழுந்தார். "எம் பொண்டாட்டி காயல்பட்டணத்துக்காரி. எம் மவனுக்குக் கேட்டப்ப 'ஊருன்னா ஊருதான்'னு சொன்னீங்களே, தலைவரே?"

"சொன்னேன்."

"உங்க புள்ளைக்கு மட்டும்னா மாஃபி, நடக்காது. எல்லாப் புள்ளைக்கும்னா கலாஸ், பேச்சு முடிஞ்சுது, இப்பவே மாத்துங்க."

மாற்றினார்கள். தகப்பன் ஊர்க்காரராக இருந்தால் போதும் என்று ஆனது. கிடங்கு வேலைக்கு யார் என்ற கேள்வி வந்ததும் கூட்டம் மச்சானைப் பார்த்தது. அவர் டிரைவரைக் காட்டினார்.

"முதல்ல கேட்டது அவரு."

நாட்டம் அல்லாஹ்வுடையது. மச்சான் மகன் கொழும்புக்குப் போனான். அங்கே தாய்மாமன் கடையில், போன அன்றே கல்லாவில் உட்கார வைத்தார்களாம். வாப்பா எந்த ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். மச்சான்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.