மேலே மட்டும் உறைந்திருந்தது

கடலூர் முதுநகரில் வீட்டிலேயே சோப்பு செய்து, மாதா கோயில் திருவிழாவில் விற்று வந்தேன். போன வருடம் வனஸ்பதியை உருக்க, டின்னிலிருந்த கட்டியை அப்படியே குண்டானில் அமுக்கி அடுப்பில் வைத்தேன். வெகுநேரமாகியும் மேலே வெள்ளையாக, இறுகியே கிடந்தது.

"கல்லாட்டம் கெடக்குது அண்ணி, தீய ஜாஸ்தி வைங்க" என்றாள் நாத்தனார் மேரி. வைத்தேன். அப்புறமும் பொறுமையில்லாமல் கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு குத்து குத்தினேன். அடியில் கொதித்துக்கொண்டிருந்த கொழுப்பு அந்த ஓட்டை வழியாகப் பீறிட்டு, என் வலது கை முழுக்கக் கொட்டிவிட்டது.

"இனிமே விரல் மடங்காதும்மா" என்றார் டாக்டர். ஜெபம் பண்ணு, சரியாயிடும் என்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பண்ணாமலா இருக்கிறேன்?

இப்போது கொழுப்பைச் சின்னத் துண்டுகளாக்கி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, சிறுதீயில்தான் உருக்குகிறோம். வெட்டுவது, கிளறுவது எல்லாம் மேரி. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதோடு என் வேலை முடிந்தது. அவள் செய்த சோப்பைக் குளிக்கும்போது வலது கையில் எடுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் வழுக்கிக் கீழே விழுகிறது.

– ஸ்டெல்லா, கடலூர் முதுநகர்