பாட்டைத் தள்ளிவிட்ட சனிக்கிழமை

ஆஸ்திரேலியாவின் கிரான்பர்னில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தில் அருந்ததி வேலை செய்கிறார். முதியவர்களைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிடுவது அவர் பணி. இலங்கைப் போருக்குத் தப்பிப் படகில் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்னும் தற்காலிக விசாதான்.

இரண்டாம் உலகப் போரின்போது மக்கள் மனம் தளராதிருக்க ஹாலிவுட் எடுத்த ஆடல்பாடல் படங்களைச் சனிக்கிழமைதோறும் அங்கே போடத் தொடங்கியவரும் அவர்தான். பார்ப்பவர்கள் தொண்ணூறைத் தாண்டியவர்கள். கதை வந்தால் தூங்குவார்கள், பாட்டு வந்தால் விழிப்பார்கள். ஆகவே அருந்ததி கதையைத் தள்ளிவிட்டுப் பாட்டுகளை மட்டும் போடுவார்.

இந்த ஆண்டு, படம் போடும் அந்த வேலைக்கென்றே ஒரு பதவி வந்தது. நிரந்தர விசா கேட்டார்கள். மதுரையிலிருந்து வந்த லக்ஷ்மிப்ரியாவுக்குக் கிடைத்தது. அவர் கழுத்தில் தொங்கும் பெயரட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அருந்ததிக்கு வயிறு எரிந்தது. பொறாமை இழிகுணம் என்று உபதேசிப்பவர்களை ஒன்று கேட்கிறேன்: உழைத்தவள் கையிலிருந்து பிடுங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தால் பூரிப்பா வரும்?

முதல் சனிக்கிழமை.

"அக்கா, ஒரு மணி நேரந்தானே இருக்கு? பாட்டையெல்லாம் ஓட்டிவிட்டா படம் முடிஞ்சிரும்ல?" வீட்டில் தமிழ்ப் படம் பார்க்கும் பழக்கத்தில் லக்ஷ்மிப்ரியா கேட்டார்.

"உங்கட விருப்பம், தங்கச்சி." வாய்வரை வந்ததை அருந்ததி விழுங்கிக்கொண்டார்.

திரையில் மாலுமிகள் ஆடத் தொடங்கியதும் லக்ஷ்மிப்ரியா பொத்தானை அழுத்தினார். மூன்றாவது பாட்டும் பறந்தபோது மார்கரெட் கிழவி கைத்தடியால் தரையைத் தட்டினார். "ஆட்டத்தைத் திருடாதே, பெண்ணே! அருந்ததியைக் கூப்பிடு!"

அருந்ததிக்கு நெஞ்சு குளிர்ந்தது. மறைப்பானேன், நன்றாகவே குளிர்ந்தது.

"தெரிஞ்சும் ஏன்க்கா சொல்லல?"

"பதவி உங்களுக்கு, அறிவு மட்டும் என்னட்டையோ?"

லக்ஷ்மிப்ரியா ரிமோட்டை நீட்டினார். "சரி, நீங்க போடுங்க. முன்னாடி நின்னு பேசுறத நான் பாத்துக்கிறேன்."

"பேசிறதையும் நானே பேசுவன்."

கையுறையைக்கூடக் கழற்றாமல் முன்னே போய் நின்று, ஆங்கிலத்தில் சொன்னார்: "இதெல்லாம் பிரசாரம்தான். ஆனாலும் உங்களைச் சிரிக்க வைக்க ஆட்களை ஆடவிட்டார்கள். எங்கள் போரிலும் பாட்டுகள் இருந்தன. நான் கேட்டதெல்லாம் சாகக் கூப்பிட்ட பாட்டுகள். உங்களைப் பார்த்தால் எனக்கு எரிகிறது."



"எரியட்டும்," என்றார் மார்கரெட். "முதல் பாட்டிலிருந்து போடு."

போட்டார்.

அன்றைய அறிக்கையில், நிகழ்ச்சியை நடத்தியவர் என்ற இடத்தில் லக்ஷ்மிப்ரியா 'அருந்ததி' என்று எழுதினார். மேலாளர் அதை அடித்தார். பதவியில் இருப்பவர் பெயர்தான் வர வேண்டுமாம்.

அருந்ததி ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.