என் கண்கள் நகரும் சத்தம்

பாகாலாவைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, பேருந்தின் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினேன். இடது காதுக்குள் சர்ரென்று ஓர் உரசல் கேட்டது. உப்புத்தாளால் மரத்தைத் தேய்ப்பதுபோல் இருந்தது. வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். மறுபடியும் சர்ர். தலையை நான் அசைக்கவேயில்லை. கண் மட்டும்தான் நகர்ந்தது.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. சித்தூரில் வீடு. திருப்பதிக்கு அருகே ஒரு தனியார் கல்லூரியின் பேருந்தைப் பதினோரு வருடமாக ஓட்டிவந்தேன். கண் நகர்வது காதில் கேட்கிறது என்று யாரிடம் சொல்வது? சொன்னால் என் மூளை கலங்கிவிட்டது என்பார்கள். அதைவிடப் பெரிய பயம், அது உண்மையாக இருந்துவிடுமோ என்பது.

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் பல சத்தங்கள் சேர்ந்தன. என் நாடித்துடிப்பு இடது காதில் ஓயாமல் அடித்தது. பேசினால் என் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் திரும்பிவந்தது. முறுக்கைக் கடித்தால் தலைக்குள் கல் உடைந்தது. மெதுவாகச் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மனைவி சுமதி, "இன்னாங்க, சரியா துன்னவே மாட்டன்றீங்க? சோத்த பாத்துக்கினே குந்திக்கினு இருக்கீங்க?" என்று கேட்பாள். பசியில்லை என்பேன்.

பிறகு ஒரு நாள் மாலை, முப்பது மாணவர்களோடு சித்தூர் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த லாரி நீளமாக ஹாரன் அடித்தது. சாலை அப்படியே மேலே எழும்பி இடப்பக்கமாகச் சாய்ந்தது. எது மேடு, எது பள்ளம், என் கை ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறது, எதுவும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன். ஹாரன் நின்றதும் சாலையும் பழையபடி நின்றது. பேருந்து தார்ச்சாலையின் ஓரத்தில் இருந்தது. அதற்குமேல் ஒரு முழம் போயிருந்தால் பள்ளம்.

"இன்னா அண்ணா ஆச்சு?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"நாய் குறுக்க வந்துச்சிம்மா" என்றேன்.

அந்தப் பொய்யை இங்கே எழுதியாக வேண்டும். அதற்குப் பிறகும் மூன்று வாரம் நான் பேருந்து ஓட்டினேன். ஒவ்வொரு லாரியையும் தூரத்தில் பார்க்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவேன். வேலை போய்விடும் என்று பயந்து, அதைவிடப் பெரிய ஒன்றோடு விளையாடிக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

சித்தூரில் இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். லாரி விஷயத்தை மறைத்து, தலைசுற்றல், காதில் இரைச்சல் என்று மட்டும் சொன்னேன். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. ஒருவர் காதுக் குறும்பியை எடுத்தார். இன்னொருவர் மனப்பதற்றம் என்று மாத்திரை எழுதினார். பாதியை மறைத்தவனுக்குப் பாதி வைத்தியம்தான் கிடைத்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சுமதிக்கு அந்தச் சமயத்தில் மாதவிடாய் நிற்கும் காலம். தூக்கம் கெட்டு, ஞாயிறு காலைகளில் திருப்பதியில் ஓர் ஒலி சிகிச்சை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெண்கலக் கிண்ணங்களை மரக்கட்டையால் தட்டியும், விளிம்பில் சுற்றித் தேய்த்தும் எழுப்பும் நாதத்தைக் கேட்டபடி படுத்திருப்பார்கள். அவளுக்கு அதில் உண்மையாகவே நிம்மதி கிடைத்தது. "டென்ஷன்னு தானே டாக்டர் சொன்னாரு. ஒரு தபா வந்து பாருங்க" என்று என்னையும் அழைத்துப்போனாள்.

வகுப்பை நடத்தியவர் பத்மஜா. முன்பு வீணை ஆசிரியையாக இருந்தவர். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். அன்று எங்களோடு இன்னும் நான்கு பேர் பாயில் படுத்திருந்தார்கள். சின்னக் கிண்ணங்களின் ஒலி இதமாகத்தான் இருந்தது. பல வாரங்களுக்குப் பிறகு என் தோள்கள் தளர்ந்தன. தூங்கிவிடுவேன் என்றுகூட நினைத்தேன்.

பத்மஜா பெரிய கிண்ணம் ஒன்றை என் தலைமாட்டில் வைத்துத் தட்டினார்.

அறை கவிழ்ந்தது. விட்டத்து மின்விசிறி மேலே ஏறி, சுழன்று, என் மேல் இறங்கியது. பாயை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன். பத்மஜா உடனே கிண்ணத்தை உள்ளங்கையால் அமுக்கினார். ஒலி அடங்கியது. மின்விசிறி தன் இடத்துக்குப் போனது.

"ஆகண்டி, ஆகண்டி" என்று தெலுங்கில் பொறுக்கச் சொன்னார். "அசையாதீங்க அண்ணா." என் முகத்துக்கு மேல் குனிந்திருந்தார். "உங்க கண்ணு மேல போயி சுத்துச்சு. நான் பாத்தேன். பயந்தா கண்ணு இப்படி சுத்தாது. இது வேற ஏதோ இருக்கு."

நான் அழுதுவிட்டேன். எனக்குள் நடந்துகொண்டிருந்ததை முதல்முறையாக வெளியிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டார்.

மற்றவர்கள் போன பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "டாக்டருக்குக் காட்ட ஒரு வீடியோ எடுக்கலாமா? ஒரே ஒரு தடவை. வேணாம்னா வேணாம்." வேண்டாம் என்றுதான் உடம்பு முழுக்கச் சொன்னது. சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றேன். மெதுவாக ஒரே ஒரு தட்டு. சுமதியின் போனில் என் கண்கள் மேலேறித் திரும்பும் காட்சி பதிவானது. "இனிமே என் கிளாஸுக்கு வராதீங்க. காது டாக்டர்கிட்ட போங்க" என்றார் பத்மஜா.

மறுநாளே திருப்பதியில் ஒரு காது மருத்துவரைப் பார்த்தோம். வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு இசைக்கவையை (தட்டினால் ஒரே சுரத்தில் அதிரும் உலோகக் கவை) தட்டி, என் இடது கணுக்காலில் வைத்தார்.

"எதாச்சும் தெரியுதா?"

"கேக்குது சார்."

"எங்க?"

"இடது காதுல."

அவர் தலையசைத்தார். காலில் வைத்தது காதில் கேட்கக் கூடாது என்று எனக்கே தெரிந்தது. "என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். நான் சொன்னேன். லாரியையும், நாய் என்று சொன்ன பொய்யையும் சேர்த்தே சொன்னேன். சுமதி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிலேர்ந்து வண்டிச் சாவியத் தொடாதீங்க" என்றார் மருத்துவர். அன்றே கல்லூரியின் போக்குவரத்து மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார் அவர்.

சி.டி. ஸ்கேனில் (எலும்பை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் படம்) காரணம் தெரிந்தது. உட்காதில் அரைவட்டக் குழல்கள் (உடல் சாயாமல் நிற்க உதவும் நீர் நிறைந்த நுண்குழாய்கள்) மூன்று உண்டு. இடது காதில் மேற்குழலை மூடியிருக்க வேண்டிய எலும்பில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் உடம்பின் சத்தமெல்லாம் காதுக்குள் வந்தது, உரத்த ஒலி சமநிலையைக் கலைத்தது.

வேலூரில் அறுவை சிகிச்சை. காதுக்குப் பின்னால் திறந்து, எலும்புத்தூளாலும் சதைச்சவ்வாலும் அந்தக் குழலை அடைப்பார்கள். அந்தக் காதில் கேட்கும் திறன் போகலாம், தள்ளாட்டம் கூடலாம் என்று விளக்கினார்கள். கையெழுத்துப் போடும்போது என் பெயரின் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி ஓடியது. "மயக்கம் தெளியலன்னா இன்னா பண்றது சுமதி?" என்றேன். "நான் இங்கயே குந்திக்கினு இருப்பேன். தெளிஞ்சுதான் ஆவணும்" என்றாள்.

கண் விழித்தபோது உலகம் சாய்ந்திருந்தது. நான்கு நாள் வாந்தி. நடைகூடத்தின் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கப் பழகினேன். கட்டு பிரித்த பிறகுதான் கண்ணை இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தேன். சத்தமில்லை. இடது காதில் மெல்லிய ஒலிகள் சில இப்போது கேட்பதில்லை. அதை ஏற்றுக்கொண்டேன்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது கேட்டால், கேட்டதை அப்படியே சொல்லுங்கள். மனதை அமைதிப்படுத்தும் ஒலி நல்லதுதான், சுமதி இன்றும் போகிறாள். ஆனால் ஓர் ஒலியில் தரை நகர்ந்தால், எழுந்து மருத்துவரிடம் போங்கள்.

வலது காதின் எலும்பும் மெலிந்திருக்கிறதாம். "எப்ப ஓட்டையாகும்?" என்று கேட்டேன். "ஆகாமயே கூட போலாம்" என்றார் மருத்துவர். ஆகலாம், ஆகாமலும் போகலாம்; இரண்டையும் சேர்த்துக்கொண்டுதான் வாழ்கிறேன்.

இப்போது பேருந்து ஓட்டுவதில்லை. கல்லூரி வாகன நிறுத்தத்தில் டயர், எண்ணெய், பிரேக் சரிபார்க்கும் வேலை. பின்னாலிருந்து யாராவது "அண்ணா" என்று கூப்பிட்டால் சட்டெனத் திரும்ப முடியாது. முதலில் கால் நிற்க வேண்டும், பிறகு உடம்பு திரும்ப வேண்டும், தலை கடைசியில். நான் திரும்பிய பிறகும் உலகம் வந்துசேர ஒரு கணம் ஆகிறது. அந்த ஒரு கணம் ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது. பிறகு கூப்பிட்டவரின் முகம் தெரிகிறது. அவர் நேராக நிற்கிறார்.