சன்னதியில் விட்டுப்போன பெயர்

கொடுமுடி நாதனை நம்பிவரும் அன்பர்களுக்கு, ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் ஒருவன் தன் குற்றத்தையும் சாமி செய்த உதவியையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் என் மகன் கதிர்வேலுக்குப் பெருந்துறையில் பெண் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவன் சொன்னான்: "இணைச்சீர் அக்காதான் பண்ணோணுமுங்க. இல்லீன்னா இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம்."

வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கொங்குக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் நடக்க வேண்டும். மாப்பிள்ளையும் அவன் உடன்பிறந்தவளும் ஒரே சேலையின் இரு தலைப்புகளைப் பிடித்து நிற்கிற சடங்கு அது. கல்யாணம் ஆனாலும் உன்னைக் கைவிட மாட்டேன் என்று அவன் அவளுக்குக் கொடுக்கும் வாக்கு. உடன்பிறந்தவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் யாராவது செய்வாள்.

"உனக்கு ஏதுடா அக்கா?" என்றேன்.

"உங்களுக்குத்தானுங்க மக இல்ல. எனக்கு அக்கா இருக்கறா."

என் மனைவி சரசு சோற்றுக் குண்டானைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. அவள் வந்தால் சொந்தபந்தத்தின் முன்னால் மானம் போகும். வராவிட்டால் கல்யாணமே நின்றுவிடும். எழுபது வயதுக்கு மேல் இதைப் பார்ப்பதற்குப் பதில் கண்ணை மூடிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

எங்களுக்கு முதலில் பிறந்தது ஆண் பிள்ளை என்றுதான் நினைத்தோம். அப்போது வைத்த பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது அவளுக்குப் பிடிக்காது. பதினொன்றாம் வகுப்பில் அவள் என்னிடமே படித்தாள். டில்லி சுல்தானின் படையோடு தெற்கே வந்த ஒரு தளபதியைப் பற்றிப் பாடம். ஆண் என்றும் பெண் என்றும் சொல்ல முடியாதபடி அரண்மனையில் இருந்தவர். அப்படிப்பட்டவர்கள் படை நடத்தினார்கள், கஜானாவைக் காத்தார்கள் என்று குறிப்பு எழுதச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் எழுந்து, "சார், சண்டைக்கு வளையல் போட்டுட்டு வந்தாங்களா?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தோடு நிற்காமல், மருதாணியும் வைத்திருப்பார் என்று சேர்த்துச் சொன்னேன். மூன்றாம் பெஞ்சில் அவள் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

இன்னொரு பாடத்தில், வெள்ளைக்காரன் இப்படிப்பட்டவர்களையெல்லாம் குற்றவாளிகளாகப் பதிவு செய்ய ஒரு சட்டம் போட்டதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினேன். வீட்டில் நான் நடத்தியதும் அதே சட்டம்தான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில், அவள் சரசுவின் சேலையைக் கட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்று, "நான் இப்படித்தானுங்கப்பா" என்றாள். நான் அடிக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. அவளை வெளியே அனுப்பி, துணிப்பையையும் வெளியே வைத்து, கேட்டைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். ஊராரிடம் பையன் வடக்கே வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். சரசுவும் கதிரும் அவள் தங்கியிருந்த சிங்காநல்லூருக்குப் போய் அவளைப் பார்த்து வந்தது எனக்குத் தெரியும். தெரியாதவன்போல இருந்துகொண்டேன்.

மார்கழியில் ஒரு நாள் தனியாகக் கொடுமுடிக்குப் போனேன். காவிரியில் குளித்தேன். மகன் மனசை மாற்று, என் மானத்தைக் காப்பாற்று என்று கேட்கத்தான் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் வீட்டில் உள்ளவர்களின் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். என் பெயர், சரசு பெயர், கதிர் பெயர் சொன்னேன். அவர் புதிதாக வந்தவர். என்னைத் தெரியாது. பிள்ளை ஒருவர்தானா என்று சாதாரணமாகக் கேட்டார். தெரியாதவர்கள் எத்தனையோ பேரிடம் ஒன்று என்று சொல்லியிருக்கிறேன். அன்று என்னவோ, "ரெண்டுங்க" என்று வாயில் வந்துவிட்டது.

மூத்தவர் நட்சத்திரம் ரோகிணி என்றேன். பெயர் கேட்டார். பழைய பெயர் நாக்கு வரை வந்தது. அந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை. பெற்ற பிள்ளையின் பெயர் எனக்குத் தெரியவில்லை. தட்டை அவர் கையிலேயே விட்டுவிட்டு, வெளிப்பிரகாரத்துக்கு வந்து சரசுவுக்குப் போன் செய்தேன்.

"அவ பேரு என்ன?"

மெதுவாக, "வசந்திங்க" என்றாள்.

குருக்கள் அந்தப் பெயரைச் சொல்லிப் பூவைப் போட்டார். அப்போதுதான் நினைவு வந்தது. கல்யாணமான புதிதில் இதே சன்னதியில் நானும் சரசுவும் நின்று கேட்டது ஒரு பெண் குழந்தை. எனக்கு உடன்பிறந்தவள் கிடையாது. என் இணைச்சீருக்குப் பங்காளி வீட்டுப் பெண்ணைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்தாள். என் மகனுக்கு அந்தக் குறை வேண்டாம், மூத்தது பெண்ணாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமி காது கொடுக்கவில்லை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். கேட்டபடியே கொடுத்திருக்கிறான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொண்டுபோன வேண்டுதலைச் சொல்லவே இல்லை.

மறுநாள் சேலையும் வெற்றிலை பாக்குமாகச் சிங்காநல்லூர் போனேன். வசந்தி கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறாள். அவளைப் போன்றவர்கள் நாலைந்து பேர் வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். "வாங்கய்யா. எத்தன எலைக்குங்க?" என்று ஒருத்தி கேட்டாள். சமையலுக்கு இல்லை என்றேன். "அப்பறம் பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தி வெளியே வந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"நான் பாக்காத மண்டபம் இல்லீங்க. எல்லாம் பின்வாசல்லதான். இணைச்சீரு ஒருக்காக்கூடக் கண்ணுல பாத்ததில்ல. மேளம் கேக்கும். அப்ப பருப்புக்கு உப்பு பாத்துட்டிருப்பேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "ஒண்ணு கேக்கோணும். அன்னைக்குக் கிளாஸ்ல பசங்க சிரிச்சாங்க, சரி. நீங்க எதுக்குங்க சிரிச்சீங்க?"

"உன்னையப் பத்தி எனக்கு அப்பவே தெரியும் கண்ணு. அந்தப் பயத்துலதான் சிரிச்சேன்."

சிதறிக் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். "வாரேன். ஆனா சீரு முடியற வரைக்கும் நீங்க பக்கத்துலயே நிக்கோணும். யாராச்சும் ஏதாச்சும் சொன்னா நழுவிப் போயறக் கூடாது."

பெருந்துறைக்குப் போய்ச் சம்பந்தியிடம் உண்மையைச் சொன்னேன். கதிர் பெண் பார்க்கப் போன அன்றே பெண்ணிடம் சொல்லியிருந்தானாம். அவர் யோசித்துவிட்டு, தன் மகளுக்குச் சம்மதமென்றால் தனக்கும் சம்மதம் என்றார்.

முகூர்த்தத்தன்று பட்டுச்சேலையில் வந்தவளை வாசலில் என் பங்காளி ஒருவர் மறித்தார். "சமையக்கட்டு அந்தப் பக்கம், அம்மணி" என்றார். வசந்தி என்னைப் பார்த்தாள். மண்டபம் முழுக்கச் சொந்தம். நழுவிப் போகத்தான் எனக்குத் தோன்றியது. அந்த நொடியில் நான் சாமியிடம் கேட்டது ஒன்றுதான்: என்னை நிற்க வை.

"எம்பட பொண்ணுங்க. கதிருக்கு மூத்தவ. இணைச்சீருக்கு வந்திருக்கறா" என்றேன்.

சடங்கை நடத்தும் அருமைக்காரர் வயதானவர். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பறமென்னுங்க, மேல வரச்சொல்லுங்க. நேரமாகுதில்ல" என்றார்.

சிலர் சாப்பிடாமலே போனார்கள். அந்தப் பங்காளி இன்றுவரை பேசுவதில்லை. மணவறையில் வசந்தியின் கையில் ஒரு தலைப்பு, கதிரின் கையில் ஒரு தலைப்பு. சீர் முடியும்வரை நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கேட்டேன், நிற்க வைத்தான். இதைவிடப் பெரிய அற்புதம் என் வாழ்வில் நடந்ததில்லை.

இப்போது பழைய மாணவர்களைச் சந்திக்கும்போது, அந்தப் பாடத்தை நான் தவறாக நடத்தினேன் என்று சொல்கிறேன். சிலருக்கு நினைவில்லை. ஒருவன் இப்போது அவனே வாத்தியார். என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

அர்ச்சனைக்குப் பெயர் சொல்லும்போது ஒரு பெயரை விட்டுவிடுகிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், அடுத்த முறை அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் யாரிடமாவது கேளுங்கள். வெட்கம் சிறிது நேரம்தான் இருக்கும். மீதியைச் சாமி பார்த்துக்கொள்வான்.

வசந்தி இப்போது வீட்டுக்கு வந்து போகிறாள். சரசுவோடு உட்கார்ந்து சிரிக்கிறாள். என்னிடம், "சாப்டீங்களா?" என்று கேட்கிறாள். அப்பா என்று இன்னும் கூப்பிடவில்லை. அதையும் சாமியிடம் கேட்டிருக்கிறேன். அவசரப்படுத்தவில்லை. கொடுத்த மகளை ஏற்றுக்கொள்ளவே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டவன், ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கலாம்.