எட்டாம் வகுப்பு கணக்குப் போட்ட ராம்ப்

1. மழை பெய்த காலை

வீல்சேர் பின்னோக்கி உருளத் தொடங்கியதை நான் பார்க்கவில்லை. ஈர சிமெண்டில் ரப்பர் டயர் வழுக்கும் சத்தம்தான் முதலில் கேட்டது. வராந்தாவில் குடையை மடக்கிக்கொண்டிருந்தவள் திரும்பினேன். எட்டாம் வகுப்பு ரெஹானா உட்கார்ந்திருந்த நாற்காலி, வராந்தாவுக்கு ஏறும் சாய்தளமான ராம்பின் பாதியிலிருந்து கீழே போய்க்கொண்டிருந்தது. தள்ளிக்கொண்டு வந்த அவளுடைய அத்தா பஷீர் பாய் கால் வழுக்கி விழுந்திருந்தார். நாற்காலி அவர் தோளை இடித்துக்கொண்டு கடந்து போனது. அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்த தமிழ் டீச்சர் கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதன் முதுகைத் தாங்கிப் பிடித்தார். நானும் இறங்கிப்போய்ப் பிடித்தேன். நாற்காலி நின்றது.

ரெஹானாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பஷீர் பாய்க்கு முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. மகளின் கையை, காலை, தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலைமை ஆசிரியை அறை வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "இனிமே இவ வூட்லயே இருக்கட்டும் மேடம். படிச்ச வரைக்கும் போதும்."

உழவர்கரைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் கணக்கு டீச்சராக இருந்தபோது நடந்தது இது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் சிலர், வகுப்பில் செய்முறையாக என்ன கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பல விஷயங்கள் உண்டு. ஆனால் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

2. இருந்தும் இல்லாத ராம்ப்

எங்கள் பள்ளி தாழ்வான இடத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று கட்டடத்தைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஐந்து படி ஏறினால்தான் வராந்தா. எல்லா வகுப்புகளும் வராந்தாவை ஒட்டித்தான். ஆகவே ரெஹானாவின் வகுப்பை வேறு அறைக்கு மாற்றினாலும் பயனில்லை.

ராம்ப் இல்லாமல் இல்லை. ராம்ப் வேண்டும் என்று எப்போதோ உத்தரவு வந்தபோது, படிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்பது அடி நீளம். நாங்கள் ஸ்கூட்டரை வராந்தாவில் ஏற்றி வைக்க அதைத்தான் பயன்படுத்தினோம். ஸ்கூட்டரே அதில் முக்கிக்கொண்டுதான் ஏறும்.

பஷீர் பாய் பெரிய மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். தினமும் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் கடை திறப்பார். மாலையில் கடையில் ஆளை உட்கார வைத்துவிட்டு மறுபடி வருவார். கோபத்தில் பேசுகிற மனிதர் இல்லை. அன்று நான் அவரோடு கேட் வரை நடந்தேன். புது ராம்ப் போட ஏற்பாடு செய்கிறோம், அதுவரை ஆசிரியர்கள் நாங்களே நாற்காலியோடு தூக்கி ஏற்றுகிறோம் என்றேன்.

"ஒரு தடவ புடிச்சிட்டீங்க டீச்சர். மறு தடவ யாரு புடிப்பாங்க?" என்றார்.

அரையாண்டுத் தேர்வு வரை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டேன். கடைசியில் தலையாட்டினார். ரெஹானா எங்கள் இருவரையும் பார்க்காமல் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.

3. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு

எட்டாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை நான் 'செய்து பார்' பீரியடாக வைத்திருந்தேன். நியூஸ்பேப்பரைச் சுருட்டிக் கோபுரம் கட்டுவது, ஐஸ்குச்சியில் பாலம் கட்டி அதன்மேல் செங்கல் வைப்பது, பிளாஸ்டிக் பையில் பாராசூட் விடுவது என்று ஏதாவது நடக்கும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். பாலம் உடைந்தால் கைதட்டுவார்கள். பெல் அடித்ததும் குச்சிகளைப் பெருக்கி எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன். 'நம் வராந்தாவுக்கு யாரும் தள்ளாமல் ஏறக்கூடிய ராம்ப் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? அது எங்கே பொருந்தும்?'

எல்லாருக்கும் விஷயம் தெரியும். அதற்கு முந்தின நாளே ரெஹானாவைத் தனியாகக் கூப்பிட்டு, இதை வகுப்பில் கொடுக்கலாமா, உனக்குச் சங்கடமாக இருக்குமா என்று கேட்டிருந்தேன். அவள் யோசித்துவிட்டு, "குடுங்க மிஸ். ஆனா என்னப் பாவம்னு யாரும் பேசக்கூடாது" என்று ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

முதலில் பலகை வைத்துச் சோதனை. பெஞ்சுப் பலகையின் ஒரு முனையைச் செங்கல் அடுக்கி உயர்த்தினோம். பொம்மை வண்டியில் கல்லைக் கட்டி, அறிவியல் லேபிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிங் தராசால் மேலே இழுத்தோம். செங்கல்லை ஒவ்வொன்றாகக் குறைக்கக் குறைக்க முள் காட்டும் அளவும் குறைந்தது. அதை கிராஃப் தாளில் போட்டார்கள். பழைய ராம்பின் சாய்வுக்குப் பலகையை வைத்து இழுத்தபோது முள் போன இடத்தைப் பார்த்து ஐயனார் என்கிற பையன், "இதுல அவங்க அத்தா தெனம் தள்ளிக்கினு போனாரா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஓர் அங்குலம் உயரப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும் என்பது வீல்சேருக்கான பொதுவான அளவு. நான் அதைச் சொன்னதும் கணக்கு நொடியில் முடிந்தது. இரண்டரை அடி உயரத்துக்கு முப்பது அடி நீளம். டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். வராந்தாவிலிருந்து கேட் வரைக்கும் அதில் பாதிதான் இருந்தது.

கேட்டைத் தள்ளி வைக்கலாம் என்றான் ஒருவன். தெருவிலிருந்தே ராம்பைத் தொடங்கலாம் என்றாள் ஒருத்தி. கடைசியில் சுகுணா என்ற பெண், மாடிப்படி பாதியில் திரும்பி ஏறுவது போல இதையும் மடித்துவிட்டால் என்ன என்றாள். கேட் பக்கம் தொடங்கி வராந்தாச் சுவரை ஒட்டிப் பதினைந்து அடி ஏறி, ஒரு சமதளத்தில் திரும்பி, மறுபடி பதினைந்து அடி ஏற வேண்டியது. சுவரை ஒட்டிக் குடிதண்ணீர்த் தொட்டி வரைக்கும் இடம் இருந்தது. பொருந்தியது.

அட்டையில் மாடல் செய்தார்கள். மிக அழகாக வந்தது. பாட்டில் மூடிகளைச் சக்கரமாக வைத்து ஒரு குட்டி வீல்சேரும் செய்திருந்தார்கள். அதை ஒருவன் ஏற்றிக் காட்டியபோது நானே கைதட்டிவிட்டேன்.

4. திரும்புகிற இடம்

ரெஹானா கைதட்டவில்லை. "மிஸ், திரும்புற எடத்துல அவன் கையால தூக்கி வெச்சிட்டான்" என்றாள்.

உண்மைதான். திரும்புகிற சமதளத்துக்கு மூன்றடி விட்டிருந்தார்கள். பொம்மையை விரலால் தூக்கித் திருப்பினால் மூன்றடி தாராளம். ரெஹானா சாக்பீஸ் கேட்டாள். மைதானத்தில் சிமெண்டுத் தரை இருந்த இடத்தில் மூன்றடியைக் கோடு போட்டுச் சுற்றிலும் பெஞ்சுகளை நிறுத்தச் சொன்னாள். தன்னைப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் இறக்கி உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, மற்றவர்களை ஒவ்வொருவராக வீல்சேரில் உட்கார்ந்து திரும்பச் சொன்னாள். கால் வைக்கிற தகடு பெஞ்சில் இடித்தது. ஐயனார் இரண்டு முறை இடித்துவிட்டு, மூன்றாம் முறை பெஞ்சையே தள்ளிக்கொண்டு போனான். ரெஹானா சிரித்தாள். அந்த மழை நாளுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பெஞ்சுகளை நகர்த்தி நகர்த்தி, ஐந்தடி இருந்தால்தான் நிம்மதியாகத் திரும்ப முடியும் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் அவள் இன்னொன்று சொன்னாள். "எல்லாரும் ஏறுறதையே பாக்குறீங்க. எனக்கு எறங்கறதுதான் பயம்."

அதுவரை எங்களில் ஒருவருக்கும் இறங்குவதைப் பற்றித் தோன்றவேயில்லை. இரண்டு பக்கமும் கைப்பிடி, ஓரத்தில் சக்கரம் கீழே போகாமல் தடுக்க ஒரு சின்னக் கட்டை, தரையில் வழுக்காத சொரசொரப்பு. மூன்றும் அன்றைக்குத்தான் எங்கள் படத்தில் ஏறின.

5. இன்ஜினியர் வந்த நாள்

தலைமை ஆசிரியை மேலே எழுதிப் போட்டிருந்தார். ஒருநாள் கட்டடப் பிரிவிலிருந்து ஜூனியர் இன்ஜினியர் ஒருவர் காண்டிராக்டரோடு வந்து இறங்கினார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் அவர் கையில் இருந்த உத்தரவு வேறு. பழைய ராம்பின் மேல் வழுக்காத டைல்ஸ் ஒட்டுவதற்கு மட்டும்தான் அனுமதி. அது முடிந்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. அப்புறம் பல வருஷத்துக்குக் கேட்க முடியாது.

சார், ஐந்து நிமிஷம் வகுப்புக்குள் வாருங்கள் என்று கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார். மாடலைப் பார்த்தார். கிராஃபைப் பார்த்தார். யார் அளந்தது என்று கேட்டார். கை தூக்கினவர்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று காண்டிராக்டர் வண்டியில் இருந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற டியூப் லெவல். ஒரு முனையைப் படிக்குப் பக்கத்தில் சுகுணாவும், மறு முனையை ராம்ப் தொடங்கும் என்று நாங்கள் குறித்த கேட் பக்கத்தில் ஐயனாரும் பிடித்தார்கள். தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றது. தரை நிற்கவில்லை. கேட் பக்கம் மூன்று அங்குலம் தாழ்ந்திருந்தது.

"நீங்க படிகிட்டதான் ஒசரத்த அளந்திருக்கீங்க. ராம்ப் ஆரம்பிக்கிறது இங்க. மூணு அங்குலம்னா இன்னும் எவ்ளோ நீளம் வேணும்?" என்று கேட்டார்.

"மூணடி சார்" என்றார்கள். சமதளத்துக்கு இரண்டடி கூட்டியதிலேயே தொட்டி வரை இருந்த இடம் தீர்ந்திருந்தது. மூன்றடியை இரண்டாக மடித்தாலும் இடமில்லை.

விடையை இன்ஜினியர் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பிள்ளைகள் மாடலை வெளியே தூக்கிவந்து தரையில் வைத்து அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து ரெஹானா, "அப்படியே திருப்பி வெச்சா?" என்றாள். அட்டை மாடலைத் திருப்பி வைத்தார்கள். இப்போது ராம்ப் தொட்டிப் பக்கம் தொடங்கி, கேட் பக்கம் திரும்பி, மறுபடி தொட்டிப் பக்கமே வந்து வராந்தாவில் ஏறியது. தொட்டிப் பக்கம் டியூபைப் பிடித்துப் பார்த்தார்கள். தரை படிக்குப் பக்கத்தில் இருந்த அதே மட்டம். இரண்டரை அடி அப்படியே நின்றது.

ஒரே ஒரு தடை. ராம்ப் வந்து ஏறுகிற அந்த இடத்தில் வராந்தா ஓரமாகத் தலைமை ஆசிரியை ஆசையாக வளர்த்த குரோட்டன்ஸ் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு பிள்ளையையும் அவர் அவற்றைத் தொட விட்டதில்லை. வராந்தாவில் நின்றிருந்த அவரைத்தான் எல்லாரும் பார்த்தோம். அவர் தொட்டிகளைப் பார்த்தார். "செடி எங்க வெச்சாலும் வளரும். தூக்குங்க" என்றார்.

இன்ஜினியர் காண்டிராக்டரை டைல்ஸோடு திருப்பி அனுப்பினார். மாற்று எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்புவதாகவும், கிடைக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

6. அரையாண்டுக்கு அப்புறம்

அரையாண்டுத் தேர்வு வந்தது, முடிந்தது. அனுமதி வரவில்லை. பஷீர் பாயிடம் நான் கேட்ட தவணையும் முடிந்தது. விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று நான் கேட்டிலேயே நின்றேன். வருவாளா மாட்டாளா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோ வந்து நின்றது. பஷீர் பாய் நாற்காலியை இறக்கினார். என்னைப் பார்த்து, "தெனம் ராத்திரி அந்த ராம்ப் கதையேதான் டீச்சர். நிறுத்தினா என்னோட பேச மாட்டா போல" என்றார். அனுமதி வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. இருந்தும் கூட்டிவந்தார்.

பொங்கல் முடிந்து அனுமதி வந்தது. இன்ஜினியர் அதைக் கொண்டுபோய் எத்தனை மேஜையில் வைத்தாரோ, அவர் சொல்லவில்லை. வேலை நடந்த நாட்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் டேப்போடு போய் நின்று கொத்தனாரை ஒரு வழி பண்ணினார்கள்.

சிமெண்ட் நன்றாக இறுகிய பிறகு ஒரு காலை, ரெஹானா தன் கையாலேயே சக்கரத்தைச் சுழற்றி ஏறினாள். யாரும் பின்னால் வரக்கூடாது என்று முன்னமே சொல்லிவிட்டாள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நிதானமாகத் திரும்பினாள். எங்கேயும் இடிக்கவில்லை. வராந்தாவை அடைந்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். அவள் கையைக் காட்டி அமர்த்தினாள். நாற்காலியைத் திருப்பி, மறுபடி இறங்கத் தொடங்கினாள்.

பஷீர் பாய் கீழே கைகளை விரித்தபடி நின்றார். அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அவள் சக்கர விளிம்பை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறங்கினாள். கடைசி இறக்கத்தின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்தி இரண்டு கையையும் மடியில் வைத்தாள். நாற்காலி மெல்ல அசைந்தது. உடனே பிடித்தாள், நின்றது. மீண்டும் இறங்கி, தரைக்கு வந்து, அத்தாவின் கால் அருகே நிறுத்தினாள்.

"புடிக்க ஆள் வேணாம் அத்தா" என்றாள்.

அவர் அப்படியே ராம்பின் ஓரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டார். கேட்டைத் தாண்டும் வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் நடந்துபோன விதத்தைப் பார்த்து எனக்கு உடம்பு லேசானது. பல மாதமாகத் தோளில் இருந்ததை இறக்கி வைத்த நடை அது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரெஹானாவுக்குக் கணக்கு கடைசிவரை பிடிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் பாஸ் பண்ணினாள், அவ்வளவுதான். இப்போது லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் வரலாறு படிக்கிறாள். அந்த வகுப்பில் இன்ஜினியர் ஆகப்போகிறேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், மறுவாரமே மறந்தவர்களும் இருந்தார்கள்.

ஆகவே புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோபுரம் கட்டச் சொல்லுங்கள், பாலம் கட்டச் சொல்லுங்கள், பிள்ளைகள் சந்தோஷப்படட்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது, விடை தப்பானால் யாராவது ஒருவர் கஷ்டப்படுவார் என்கிற ஒரு கணக்கைக் கொடுங்கள். அந்த ஒருவரையும் வகுப்பிலேயே உட்கார வையுங்கள். மூன்றங்குலத்தைப் பற்றிக் கவலைப்பட நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவே இல்லை. அவர்களாகவே கவலைப்பட்டார்கள்.