சாம்பியனின் ஒரு மாத ஓய்வு

பத்து காவான் ஊரில் உள்ள தொழிற்சாலையில் எங்களோடு வேலை பார்க்கும் அமெரிக்க இன்ஜினியரின் பழைய கல்லூரி, அமெரிக்கன் ஃபுட்பாலில் தன் லீக் பட்டத்தை வென்றிருந்தது. புத்தாண்டுக்கு மறுநாள் காலை, சீசன் முடிந்து ஆடும் பவுல் ஆட்டத்தை நானும் அவரும் கேன்டீனில் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். சாம்பியன் தோற்காது என்று அடித்துச் சொன்னேன்.

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மெஷின் ஆப்பரேட்டர் அக்கா கேட்டார்: “கடைசியா எப்ப ஆடுனாங்க?”

“ஒரு மாசம் இருக்கும்க்கா.”

“அப்ப தோத்துருவாங்க லா. ஒரு வாரம் நிறுத்தி வச்சாலே நம்ம மெஷின்ல முதல் ட்ரே முழுக்க ரிஜெக்ட்டு.”

தோற்றார்கள்.

அடுத்த ஆண்டும் அந்தக் கல்லூரிக்கே பட்டம். மூன்று வருடமாக இன்ஜினியரோடு உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவன் நான். அவரோ நேராக அக்காவிடம் போய், இந்த முறை எத்தனை நாள் ஓய்வு என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்து நின்றார்.